ஐந்தாவது ஆளாகப் போனவள்

இலங்கை மலையகத்தில், வட்டகொடைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள் பேச்சியம்மா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் கைக்குழந்தைகளை அங்கே கொண்டுவந்து விடுவார்கள். குழந்தைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவதும், தாய்மார் பால் கொடுக்க வரும்வரை அழாமல் பார்த்துக்கொள்வதும் அவள் வேலை. எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிய பெண்ணுக்கு இந்த வேலையா என்று தொழிலாளர் குடியிருந்த லயத்தில் யாரும் கேட்கவில்லை. வேறு வேலை கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும். தோட்டப் பள்ளிக்கூடத்தில் இடம் காலியானால் பார்க்கலாம் என்று தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா சொல்லியிருந்தார். அது காலியாகிற வழியாகத் தெரியவில்லை.

1960ஆம் வருஷம், பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, லிந்துலையிலிருந்து தெரேசா வந்தாள். இருவரும் ஹட்டனில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கணக்கில் ஒரு தடவை தவறி, மறுபடி எழுதித் தேறியதால் தெரேசா இப்போதுதான் எச்.எஸ்.சி. வகுப்புக்குப் போகிறாள். அந்த வருஷம்தான் அவர்கள் பள்ளிக்கூடத்தில் முதல்முறையாகப் பொருளியலைத் தமிழில் நடத்தப் போகிறார்களாம். பெயர் கொடுத்தவர்கள் நாலு பேர். ஐந்து பேராவது இல்லாவிட்டால் வகுப்பே கிடையாது என்று பிரின்ஸிபல் கையை விரித்துவிட்டார்.

"சும்மா பேரு குடு பேச்சி. ஒரு மாசம் வந்து உக்காந்தா போதும். வகுப்புக்கு அனுமதி வந்ததும் நீ நின்னுக்கலாம்" என்றாள் தெரேசா.

பொருளியல் என்றால் என்ன என்று பேச்சியம்மா கேட்டாள். தனக்கும் சரியாகத் தெரியாது என்று தெரேசா சொல்ல, இருவரும் சிரித்துவிட்டார்கள். பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படி வருவது என்று பேச்சியம்மா தட்டிக்கழிக்கப் பார்த்தாள். அடுப்படியில் இருந்த மதினி நாகலெட்சுமி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் சிவசாமியின் மனைவி. மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவள். அவளுடைய ஆறு மாதக் குழந்தையும் பிள்ளைக் காம்பராவில்தான் இருந்தது.

"ஒரு மாசந்தானே, போயிட்டு வா புள்ள. நாலு பேரு படிப்பு ஒன்னால நின்னுச்சுன்னு இருக்க வேணாம். கண்டாக்கு ஐயாகிட்ட நா கேக்குறேன். அதுவரைக்கும் பிள்ளைகள நா பாத்துக்கிறேன்" என்றாள் மதினி.

கண்டாக்கு முனகிக்கொண்டே சம்மதித்தார். அம்மா மட்டும், போகும்போதும் வரும்போதும் தெரேசாவை விட்டுப் பிரியக்கூடாது என்று சொல்லி அனுப்பினாள். ஹட்டனுக்குப் போகும் காலை ரயிலில் பேச்சியம்மா வட்டகொடையில் ஏறுவாள்; லிந்துலையிலிருந்து பஸ்ஸில் வரும் தெரேசா தலவாக்கலையில் வந்து ஏறிக்கொள்வாள்.

பாடம் நடத்த வந்தவர் ஞானரட்ணம் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த கையோடு வந்தவர், குளிர் தாங்காமல் கழுத்தில் எப்போதும் மப்ளர் சுற்றியிருப்பார். முதல் நாள் கரும்பலகையில் 'கேள்வி' என்று எழுதிவிட்டுத் திரும்பினார். மாஸ்டர் என்னவோ கேட்கப் போகிறார் என்று நினைத்துப் பேச்சியம்மா எழுந்து நின்றாள். "கேளுங்க சார்" என்றாள். வகுப்பு சிரித்தது. மாஸ்டரும் சிரித்துவிட்டு, பொருளியலில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம், இங்கிலீஷில் டிமாண்ட் என்பதுதான் அது என்று விளக்கினார்.

"ஒரு சாமானுக்கு ஆசைப்பட்டால் மட்டும் காணாது, பிள்ளை. வாங்கிறதுக்குக் கையிலை காசும் இருக்க வேணும். அப்பதான் அது கேள்வி."

பேச்சியம்மா உட்காரவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் லயத்தில் எத்தனை பேர் எதற்கெல்லாம் ஆசைப்படுகிறார்கள் என்பது அவளுக்கு நினைவு வந்தது. "அப்ப எங்க லயத்து ஆளுங்க ஆசைப்படுறதெல்லாம் கணக்குலயே வராதுங்களா சார்?" என்றாள்.

மாஸ்டர் சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "வராது. ஏன் வரேல்லை எண்டு கேக்கிறதும் இந்தப் பாடந்தான்" என்றார்.

அன்று ரயிலில் திரும்பி வரும்போது பேச்சியம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கொட்டகலையைத் தாண்டும்போது தேயிலைப் பெட்டிகள் ஏற்றிய கூட்ஸ் வண்டி ஒன்று வழிவிட்டு நின்றது. எத்தனையோ வருஷமாகப் பார்த்த பெட்டிகள்தான். அவை எங்கே போகின்றன, யார் விலை வைக்கிறார்கள், அந்த விலை ஏறினால் மலையில் நிற்கிறவளுக்கு என்ன வரும் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக யோசித்தாள்.

மாசம் முடிந்தது. அனுமதியும் வந்தது. தெரேசா நன்றி சொல்லி, இனி நின்றுகொள்ளலாம் என்றாள். பேச்சியம்மாவுக்கு நிற்க மனமில்லை. வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாலைந்து நாள் தவித்தாள். கடைசியில் மதினிதான் பேச்சை எடுத்தாள். குழந்தை பக்கத்திலேயே இருப்பதால் பால் கட்டிக்கொண்டு மலையிலிருந்து ஓடிவர வேண்டியதில்லை, பிள்ளைக் காம்பரா வேலையே தனக்குத் தோதாக இருக்கிறது, அதைத் திரும்பக் கேட்டுவிடாதே என்றாள். பேச்சியம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். ஏன் அழுகிறாள் என்று மதினிக்கு முதலில் விளங்கவில்லை.

முதல் வருஷம் நன்றாகப் போனது. இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் ஞானரட்ணம் மாஸ்டருக்கு ஊர்ப்பக்கம் மாற்றல் வந்தது. பதிலுக்கு ஆள் வரவில்லை. தமிழில் பாடப்புத்தகமும் கிடையாது. மாஸ்டர் விட்டுப்போன இங்கிலீஷ் புத்தகம் ஒன்றுதான் இருந்தது. தெரேசாவுக்கு, ஹட்டனுக்கு வருமுன் சின்ன வகுப்புகளில் கான்வென்ட்டில் பழகிய இங்கிலீஷ் இருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் தலவாக்கலை மாதா கோயில் மண்டபத்தில் ஐந்து பேரும் கூடுவார்கள். தெரேசா வாசித்து அர்த்தம் சொல்வாள். பேச்சியம்மா அதைத் தமிழில் போட்டு, மற்றவர்களுக்கு விளங்கும்வரை திருப்பித் திருப்பிச் சொல்வாள். வகுப்பில் ஒருவனான சோலைமலைக்குக் கடைத்தெருவில் மாமா கடை இருந்தது. அரிசி விலை ஏறினால் யார் வாங்குவதைக் குறைக்கிறார்கள், யார் குறைப்பதில்லை என்று அங்கே பார்த்துவந்து சொல்வான். நெகிழ்ச்சி என்ற பாடம் அவர்களுக்கு அப்படித்தான் பிடிபட்டது.

ஆகஸ்ட் விடுமுறையில் யாரும் கூப்பிடாமலே மாஸ்டர் மெயில் வண்டியில் வந்து இறங்கினார். சோலைமலை மாமாவின் கடைக்கு மேல் அறையில் பத்து நாள் தங்கி, மீதிப் பாடத்தை முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்குக் கைம்மாறாகக் கொடுக்க யாரிடமும் ஒன்றும் இல்லை. பேச்சியம்மாவின் அம்மா வீரம்மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொடுத்தனுப்பினாள். உறைப்பு தன் ஊர்ச் சம்பலைப் போலவே இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார்.

பரீட்சை முடிவு வந்தபோது, ஐந்து பேரில் பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைத்தது பேச்சியம்மாவுக்கு மட்டும். தெரேசா பொருளியலிலேயே தவறிப்போனாள்.

இரண்டு வாரம் தெரேசா தலைகாட்டவில்லை. பேச்சியம்மா லிந்துலைக்குப் போனபோதும் தலைவலி என்று உள்ளேயே படுத்துக்கொண்டாள். பேராதனையைப் பற்றி வீட்டில் மகிழ்ச்சியாகப் பேசக்கூடப் பேச்சியம்மாவுக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு ஒரு நாள் தெரேசாவே லயத்துக்கு வந்தாள். கையில் அவள் அப்பா அந்தோனிமுத்துவின் தகரப் பெட்டி.

"பேராதனைல உர மூட்டைச் சாக்கோடயா போயி எறங்குவ? இந்தா" என்று பெட்டியை வைத்தாள். அதன் மூடியைக் கையால் துடைத்துவிட்டு, "எனக்கு வயித்தெரிச்சலா இருந்திச்சு பேச்சி. இப்ப இல்ல. நா திரும்ப எழுதுறேன். நீ போயி நல்லாப் படி" என்றாள்.

நான் உனக்கு எப்படி ஈடு செய்வேன் என்று பேச்சியம்மா தொடங்கியதை அவள் முடிக்க விடவில்லை. மதினியைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கேட்டாள்.

அடுத்த தடவை தெரேசா தேறினாள், மஸ்கெலியாவில் ஆசிரியையானாள். பேச்சியம்மா 1965இல் பட்டம் வாங்கி, ஹட்டனில் தான் படித்த வகுப்புக்கே பொருளியல் நடத்த வந்தாள். எஸ்.எஸ்.சி. தேறும் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தெரேசா வருஷாவருஷம் அவளிடம் அனுப்பிவைப்பாள். மஸ்கெலியா பஸ்ஸில் வந்து இறங்கும் அந்தப் பிள்ளைகளிடம் பேச்சியம்மா முதலில் கேட்பது, தெரேசா டீச்சர் சுகமாக இருக்காங்களா என்றுதான்.