பதினோரு பிள்ளைகளின் அத்தை

எங்கள் கல்லூரியில் ஒரே சமயத்தில் பதினோரு பிள்ளைகளுக்கு ஒரே அத்தை இருந்தாள். 1997-ஆம் வருஷம் அதைக் கண்டுபிடித்தவன் நான்தான். கண்டுபிடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டவனும் நான்தான். ஆகவே இதில் நான் யாரையாவது குறை சொல்வதுபோல் தெரிந்தால், முதல் குறை எனக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மல்லேஸ்வரத்தில் அது ஒரு பி.யூ. கல்லூரி. பத்தாவது முடித்த பிள்ளைகள் இரண்டு வருஷம் படித்துவிட்டு டிகிரிக்கோ இன்ஜினியரிங்குக்கோ போகிற இடம். நான் அங்கே செகண்ட் டிவிஷன் கிளார்க். அப்ளிகேஷன் வாங்குவது, வருகைப் பதிவைக் கூட்டிப் போடுவது, பிரின்சிபால் திட்டும்போது எதிரே நிற்பது, இதெல்லாம் என் வேலை. அந்த வருஷம் புதிதாக வந்த பிரின்சிபாலுக்கு ஒரு யோசனை தோன்றியது. பத்து நாள் வகுப்புக்கு வராத பிள்ளையின் வீட்டுக்கு அதுவரை போஸ்ட் கார்டு போட்டுக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் அதைத் தபால்காரரிடமே வாங்கிக் கிழித்துவிடுகிறார்கள், இனிமேல் போன் செய்யுங்கள் என்றார்.

போன் இருந்தால்தானே? மல்லேஸ்வரத்துப் பிள்ளைகள் வீட்டில் இருந்தது. பக்கத்து ஸ்ரீராமபுரத்திலிருந்து வருகிற தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் ஏது? அதற்கு அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து வீட்டு எண்ணையோ கடை எண்ணையோ எழுதி, அருகில் பி.பி. என்று போட்டுவிடுவார்கள். அந்த எண்ணுக்குப் போன் செய்து இன்னாரைக் கூப்பிடுங்கள் என்றால், கூப்பிட்டுவிடுவார்கள்.

முதல் நாள் ஹரிஷ் என்ற பையன் வீட்டுக்குப் போட்டேன். எடுத்தது ஒரு பெண் குரல்.

"ஹரிஷோட அத்தை பேசறேன் சார். அவங்க அம்மாகிட்ட சொல்லிடறேன்."

அடுத்து நாகேஷ். அதே குரல், அதே அத்தை. மூன்றாவது சோனியா. அங்கேயும் அத்தை. அப்போதுதான் அப்ளிகேஷன்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் ஒரே நம்பர். நான்காவது போனில் கேட்டேன்.

"ஏம்மா, நீங்க மொத்தம் எத்தனை பேருக்கு அத்தை?"

"இதுவரைக்கும் பதினொண்ணு சார். இன்னும் அட்மிஷன் முடியலையே" என்றாள்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்பார்கள். பதினோரு பொய்க்கு என்ன நடக்கப்போகிறது என்று பார்த்துவிடலாமென, இடத்தை அவளிடமே கேட்டுக்கொண்டு சாயங்காலம் சண்டை போடுகிற எண்ணத்தோடு போனேன். கல்லூரிக்குப் பின் தெருவில் ஒரு எஸ்.டி.டி. பூத், கூடவே ஒரு ஜெராக்ஸ் மெஷின். இப்போது அந்த இடத்தில் துணிக்கடை இருக்கிறது. உள்ளே நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பெயர் ஜெயலக்ஷ்மி. சின்ன வயதில் போலியோ வந்து இடது காலில் இரும்புப் பட்டை போட்டிருந்தாள். ஊனமுற்றோர் கோட்டாவில் கிடைத்த பூத் அது. எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்தாள். சண்டை ஆறிப்போயிற்று. எனக்கு டீ கொடுத்தால் போதும், பெரும்பாலான சண்டை ஆறிவிடும்.

"சார், நானும் பி.யூ.சி. சேர்ந்தவதான்" என்றாள். "எழுபதுல. பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். மூணே மாசத்துல நின்னுட்டேன். கிளாஸ் ரெண்டாவது மாடில, படி ஏற முடியலன்னு வீட்ல சொன்னேன். எல்லாரும் அய்யோ பாவம்னாங்க. படில்லாம் ஏறிடுவேன் சார். இங்கிலீஷ்ல அவங்க பேசினது ஒண்ணும் புரியல. அதச் சொல்ல வெக்கம். கால் மேல பழியப் போட்டுட்டேன்."

இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளிடம் வந்த பிள்ளைகளின் கதையும் அதுதான். பத்தாவது வரை தமிழில் படித்தவர்கள். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கியவர்கள். இங்கே வந்தால் பிசிக்ஸ் லெக்சரர் வெலாசிட்டி என்கிறார். திசைவேகம் என்று சொல்லியிருந்தால் இந்தப் பிள்ளை எழுந்து நின்று சூத்திரத்தை ஒப்பித்திருக்கும். தெரிந்த பாடமே தெரியாத பாடமாகிவிடுகிறது. முதல் டெஸ்டில் நாலு மார்க் வரும். நாலு மார்க் வாங்கியே பழக்கமில்லாத பிள்ளை, அதை யாரிடமும் சொல்லாது. காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, சாங்கி ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்.

ஜெயலக்ஷ்மி ஒரு நீள நோட்டு வைத்திருந்தாள். பழைய மாணவர்களைக் கேட்டுக் கேட்டு எழுதியது. ஒரு பக்கம் அமிலம், எதிரே ஆசிட். முடுக்கம், ஆக்ஸிலரேஷன். வினையூக்கி, கேட்டலிஸ்ட். ஆங்கிலச் சொல்லை எப்படி வாயில் சொல்வது என்றும் தமிழிலேயே எழுதியிருந்தாள். நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பாள். நான் போன் செய்த அன்று சாயங்காலம் அந்தப் பிள்ளையைப் பிடித்து உட்கார வைப்பாள். "உங்க ஆபீஸ்லருந்து போன் வந்துச்சு. நாளைக்கு கிளாசுக்குப் போறியா, இல்ல நிஜமாவே உங்கப்பாகிட்ட சொல்லட்டுமா?" பெரும்பாலும் போய்விடுவார்கள். ஹரிஷ் போனான். நாகேஷ் போனான். சோனியா அழுதுகொண்டே போனாள், ஆனாலும் போனாள்.

ஆகவே நானும் என் பதிவேட்டில் 'வீட்டுக்குத் தெரிவிக்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டே வந்தேன். பிரின்சிபாலுக்கு சந்தோஷம். போன் வந்ததும் பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள் பாருங்கள் என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

தாரணி விஷயத்தில்தான் எல்லாம் கெட்டது.

தாரணி பத்தாவதில் அறுநூற்று இருபத்தைந்துக்கு ஐந்நூற்று முப்பத்திரண்டு. அப்பா ஆதிகேசவன் சிட்டி ரயில் நிலையத்தில் போர்ட்டர். அட்மிஷன் அன்று சிவப்புச் சட்டையோடே வந்து, எனக்கும் பியூனுக்கும் லட்டு கொடுத்தார். "பாப்பா டாக்டராவணும்னு சொல்லுது சார், அதுக்கு எது படிக்கணுமோ அதுல போட்ருங்க" என்றார். சயின்ஸில் போட்டோம். ஆகஸ்ட் டெஸ்டில் அந்தப் பெண்ணுக்கு பிசிக்ஸில் இருபத்தைந்துக்கு மூன்று. அதற்குப் பிறகு வகுப்பில் அவள் இல்லை.

நான் போன் செய்தேன். அத்தை எடுத்தாள். சாயங்காலம் பிடித்து உட்கார வைத்தாள். நோட்டைத் தாரணி நாலே நாளில் மனப்பாடம் செய்துவிட்டாள் என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாள். பெண் வகுப்புக்குத் திரும்பி ஒரு வாரம் வந்தாள். எட்டாம் நாள் கெமிஸ்ட்ரி லெக்சரர் கேள்வி கேட்டார். விடை அவளுக்குத் தெரிந்திருந்தது. வார்த்தையும் தெரிந்திருந்தது. நோட்டில் எழுதியிருந்த மாதிரியே உச்சரித்தாள். வகுப்பு மொத்தமும் சிரித்தது. லெக்சரரும் சிரித்துவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை, சிரிப்பு வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிரிப்போடு அவள் போனவள்தான்.

செப்டம்பரில் மறுபடி போன் செய்தேன். பிறகு பூத்துக்கு நேரிலேயே போய் ஜெயலக்ஷ்மியிடம் சொன்னேன்.

"இந்தப் பொண்ணுக்கு சயின்ஸ் வேண்டாம்மா. ஆர்ட்ஸுக்கு மாத்திடலாம். அங்க லாங்வேஜுக்குத் தமிழ் இருக்கு, மத்தத மெதுவாப் படிச்சுக்கலாம். செப்டம்பர் முப்பதுதான் கடைசி. அவங்கப்பா நேர்ல வந்து ஒரு கையெழுத்து போடணும். நீங்க போய் அவர்கிட்ட சொல்லுங்க."

"அது வேணாம்ங்குது சார். அப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்ப நிறுத்திட்டு வாணியம்பாடி மாமாவுக்குக் கட்டி வெச்சிடுவாராம். என் கையப் புடிச்சுட்டு சொல்லாதீங்க அத்தை, சொல்லாதீங்கன்னு அழுவுது. இன்னும் பத்து நாள் குடுங்க. நான் தேத்திடறேன்."

பத்து நாள் கொடுத்தேன். கொடுக்க நான் யார்? ஆனால் கொடுத்தேன். அப்ளிகேஷனில் ஸ்ரீராமபுரம் வீட்டு விலாசம் இருந்தது. நடந்தால் இருபது நிமிஷம். நான் போகவில்லை. என் வேலை இல்லை என்று இருந்துவிட்டேன். செப்டம்பர் முப்பது போயிற்று. அன்று சாயங்காலம் பூத்துக்குப் போனபோது ஜெயலக்ஷ்மி என் முகத்தைப் பார்க்கவில்லை. "மத்த பத்து பேர் தேறிட்டாங்க சார், இதுவும் தேறிடும்" என்று மெஷினைப் பார்த்துச் சொன்னாள். அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது. தசரா லீவுக்குப் பிறகு தாரணி பூத்துக்கும் வருவதில்லை.

ஜனவரியில் வருகை குறைந்தவர்கள் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். போன் போதாது, இவர்களுக்கு ரிஜிஸ்தர் தபாலே போகட்டும் என்றார் பிரின்சிபால். நாலாம் நாள் ஆதிகேசவன் அந்தத் தாளோடு என் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"இதுல என்ன சார் போட்டிருக்கு? பாப்பாவக் கேட்டா பரீட்சை பீஸுன்னு சொல்லுச்சு. மொகத்தப் பாத்தா அப்படித் தெரியல."

படித்துச் சொன்னேன். வருகை முப்பத்தொரு சதவீதம். பரீட்சை எழுத அனுமதியில்லை. அவர் உட்காரவில்லை. "காலைல பையெடுத்துட்டுத்தானே சார் போவுது" என்றார். பிறகு, "எங்களுக்கு யாரும் சொல்லலியே" என்றார். பதிவேட்டைக் காட்டி, இரண்டு முறை தெரிவித்திருக்கிறோம் என்று நான் தப்பித்திருக்கலாம். அதை மட்டும் செய்யவில்லை. அவரை பூத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஜெயலக்ஷ்மி ஒன்றையும் மறைக்கவில்லை. வாணியம்பாடி மாமா வரை எல்லாம் சொன்னாள். ஆதிகேசவன் திட்டுவார், கூட்டம் கூடும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் குரலே உயரவில்லை.

"கல்யாணமா? பதினாறு வயசுப் பொண்ணுக்கா? அது எம்மச்சான் கிண்டலுக்குச் சொல்றது, கொழந்தையா இருந்தப்பலருந்து சொல்லுவான். ஏம்மா, எனக்கு சயின்ஸ்னா என்ன, ஆர்ட்ஸ்னா என்னன்னே தெரியாது. இதுல கையெழுத்து போடுன்னா போட்டிருப்பேன். நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

ஜெயலக்ஷ்மி அழுதாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, அழுவதற்கு இவளுக்கு என்ன உரிமை என்று. அந்தக் கோபத்தில் பாதி என்மேல் வரவேண்டியது என்பது அப்போதும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயலக்ஷ்மியும் நானும் ஆட்டோவில் ஸ்ரீராமபுரம் போனோம். சந்துக்குள் ஆட்டோ போகவில்லை. காலை இழுத்துக்கொண்டே நடந்தாள். ஒற்றை அறை வீடு. தாரணி பாயில் உட்கார்ந்து சட்டைகளில் தொங்கும் நூலைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னும் ஒரு மூட்டைச் சட்டை. நவம்பரிலிருந்தே ராஜாஜி நகர்ப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் சேர்ந்துவிட்டாளாம். காலையில் பையெடுத்துக்கொண்டு போனது அங்கேதான். நோட்டீஸ் வந்த பிறகுதான் வீட்டுக்கே தெரிந்திருக்கிறது. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். மரியாதையான பெண்.

ஜெயலக்ஷ்மி பாயில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்புப் பண்ணிட்டேம்மா. நீ சொல்லாதீங்கன்னு கேட்டே, நான் சொல்லாம இருந்துட்டேன். அன்னிக்கே உங்கப்பாகிட்ட வந்திருக்கணும்."

தாரணி கையை விடுவித்துக்கொண்டு ஒரு சட்டையை மடித்து வைத்தாள்.

"நான் சொல்லாதீங்கன்னுதான் சொன்னேன் அத்தை. ஆனா நீங்க சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். தெனம் வீட்டுக்கு வரும்போது, இன்னிக்கு அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும், அடிச்சாலும் அடிக்கட்டும், இதோட முடிஞ்சிடும்னு நெனச்சுட்டே வருவேன். அப்பா சாப்ட்டியாம்மான்னு கேப்பாரு. அப்ப தெரியும், இன்னிக்கும் நீங்க சொல்லலன்னு."

பதினோரு பேருக்காகப் போனில் பேசியவள், மூட்டையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து அதில் தொங்கிய நூலைக் கையால் பிய்த்தாள். வாசலில் நின்றிருந்த ஆதிகேசவன் தலையிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது அவர் என்னைக் கேட்டார்.

"ஜூன்ல மறுபடி சேத்துக்குவாங்களா சார்? நீங்க சொன்னீங்களே, அந்த ஆர்ட்ஸுல?"

"கட்டாயம் சேத்துக்குவாங்க. நானே அப்ளிகேஷன் கொண்டாந்து தரேன்" என்றேன்.

உள்ளே கத்தரிச் சத்தம் நின்றது.

"வேணாம்ப்பா" என்றாள் தாரணி. ஏழு மாதத்தில் அவள் தன் அப்பாவிடம் நேராகச் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.