வதனியிடம் இருப்பதைவிடப் பெரிய பிரிண்டர்

படம் எடுக்கிற தொழிலில் புதிதாக இறங்கும் ஒருவருக்குத் தன் கமராவைப் பற்றித் தெரிய முதலே, பக்கத்தில் நிற்கிற மற்றப் படக்காரரின் பைக்குள் என்ன இருக்கிறதென்று தெரிந்துவிடும். என்னைப்போல் சனி ஞாயிறுகளில் பிறந்தநாளுக்கும், பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்கும் கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. நீங்களும் அந்த வயிற்றெரிச்சலோடு எத்தனையோ முறை ரயில் ஏறியிருப்பீர்கள்.

என் வயிற்றெரிச்சலுக்குப் பெயர் வதனி. ரெய்னர்ஸ் லேனில் எனக்கு அடுத்த தெருவில் இருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே மாலை வகுப்பில்தான் படம் எடுக்கப் பழகினோம், ஒரே கமராவைத்தான் வாங்கினோம். நல்ல மனுசி. அதுதான் பெரிய கரைச்சல், வாய்விட்டு ஒரு குறை சொல்ல ஏலாது.

கேக் வெட்டி முடிய

ஹரோவில் ஒரு பிறந்தநாள். மேடையை நானும், வந்த ஆட்களை வதனியும் எடுப்பதாகப் பேச்சு. கேக் வெட்டி முடிய, வதனி தன் பைக்குள் இருந்து சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு சின்னப் பிரிண்டரை எடுத்து மேசையில் வைத்தாள். அஞ்சலட்டை அளவுக் கடதாசி ஒன்று உள்ளே போய் மஞ்சளாக வந்தது. திரும்பப் போய்ச் சிவப்பையும், பிறகு நீலத்தையும் வாங்கிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு முறையும் முகம் தெளியத் தெளியப் பிள்ளைகள் கத்தின கத்து! பாட்டுப் போட்டவர் பாட்டையே நிற்பாட்டிவிட்டு வந்து வரிசையில் நின்றார்.

நான் வடைத் தட்டுக்குப் பக்கத்தில், நூற்றுக்கணக்கான நல்ல படங்களைக் கமராவுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு நின்றேன். பிறந்தநாள் பிள்ளையின் தாய் என்னை நோக்கி வந்தா. என்னிடமும் ஏதோ கேட்கப்போகிறா என்று நிமிர்ந்தேன். கையில் இருந்த வதனியின் படத்தை விசிறிக்கொண்டே சொன்னா: "அக்கா, நீங்கள் ஆறுதலா ஈமெயில்ல அனுப்புங்கோ. எல்லாருக்கும் படம் கிடைச்சிட்டுது, ஒரு அவசரமும் இல்லை."

கடைக்காரத் தம்பி

அடுத்த கிழமையே வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஒரு கமராக் கடைக்குப் போனேன். அங்கே நின்றவர் திருச்சிப் பக்கத்துத் தம்பி. பொறுமையாகக் கேட்டார்: என்ன அளவு, மாதத்துக்கு எத்தனை படம், அல்பத்துக்கா சுவருக்கா? ஒவ்வொரு கேள்விக்கும் நான் வதனியைப் பற்றித்தான் பதில் சொன்னேன். அவளுடையது அஞ்சலட்டைக்கு மேல் போகாது. அவளுடையதில் ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும். அவளிடம் பெரிய தாள் அடிக்கிறது இல்லை.

முதலில் வதனியிடம் இருப்பது மாதிரி ஒன்றைக் காட்டினார்: மை சிந்தாது, உடனே காயும், புதிதாகத் தொடங்குகிறவருக்கு நல்லது. நான் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூலையில் இருந்த பெரியதைப் பார்த்தேன். சுவரில் மாட்டுகிற அளவுக்கு அடிக்கும், ஆனால் அடிக்கடி ஓடவிடாவிட்டால் மை காய்ந்து அடைக்கும் என்று எச்சரித்தார். என் கை ஏற்கெனவே அதன் மூடியில் இருந்தது. அவர் சிரித்துவிட்டார்: "மேடம், அவங்ககிட்ட என்ன இருக்குன்னு நல்லாப் புரிஞ்சிருச்சு. நீங்க என்ன பிரிண்ட் பண்ணப் போறீங்கன்னு மட்டும் இன்னும் சொல்லவே இல்லையே?"

கூறைச் சேலை

அந்தப் பெரியதையே வாங்கிவந்து, வீட்டில் தொலைக்காட்சியை ஒதுக்கி இடம் பண்ணி வைத்தோம். முதலாவதாக அடித்தது ஒரு மணப்பெண். கம்பியூட்டரில் தகதகவென்று மின்னிய கூறைச் சேலை, கடதாசியில் காய்ந்த இரத்தம் மாதிரி வந்தது. திரும்ப அடித்தேன், அதே இருட்டு. வதனியிடம் கேட்டால் உடனே சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. திரை வெளிச்சத்தை உச்சத்தில் வைத்துக்கொண்டு படத்தைத் திருத்தியதும், படத்தாளைப் போட்டுவிட்டுப் பிரிண்டருக்குச் சாதாரணத் தாள் என்று சொல்லி வைத்ததும் பிழை என்று பிறகு நானாகத்தான் கண்டுபிடித்தேன்.

அதுக்கிடையில் என் கணவர் அந்தப் படத்தை லைட்டுக்குக் கீழே பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இஞ்சரும், இந்தக் கலியாணம் கரண்ட் இல்லாத மண்டபத்திலையோ நடந்தது?"

சுவர் முழுக்க நாங்கள்

பெரிய படம் வேண்டுமென்று ஒருவரும் வரவில்லை. வதனிக்கோ கிழமைக்குக் கிழமை அழைப்பு. தம்பி சொன்னது மாதிரியே மை காய்ந்து, முகங்களில் கோடு கோடாக விழத் தொடங்கியது. சுத்தம் செய்யச் சொன்னால் அந்த மெஷின் மீதி மையையும் குடித்தது. அதனால் மெஷினை உயிரோடு வைத்திருக்கவே எங்கள் வீட்டுப் படங்களை அடித்து அடித்துச் சுவரில் ஒட்டினேன். என்னோடு வேலை செய்கிற சுமதி தேத்தண்ணிக்கு வந்தவள், சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்று நாலு சுவரையும் பார்த்தாள். "என்னடியப்பா, நீங்கள் ஆரெண்டு உங்களுக்கே மறந்து போகுமெண்டோ இவ்வளவு படம்?"

மரியதாஸ் அங்கிள்

ஒரு நாள் வதனி தொலைபேசியில் அழுதாள். டூட்டிங்கில் இருந்த மரியதாஸ் அங்கிள் திடீரென்று போய்விட்டார். அவருடைய பேரன் முதன்முதலாக நற்கருணை வாங்கிய முதல் நன்மைக்கு நாங்கள் இரண்டு பேரும் போய்ப் படம் எடுத்திருந்தோம். கோயிலில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்க, வதனி எடுத்த படம் ஒன்றைத்தான் மகள் ஜெசிந்தா கேட்கிறாளாம். "கடையிலை அடிச்சது முகம் சிவந்து கிடக்கு. என்ர மெஷினிலை பெரிசு வராது. நீர் ஒருக்கா அடிச்சுத் தாறீரோ?"

ஓம் என்றேன். ஆனால் அன்றைக்கு நானும் அவரை எடுத்திருந்தேனே. இரண்டையும் அடிப்போம், மகள் பார்த்து எடுக்கட்டும் என்று என்னுடையதை முதலில் அடித்தேன். கழுத்தில் ரை கட்டி, நேராக நின்று, ஒவ்வொரு மயிரும் துல்லியம். பிறகு வதனியினது. கொஞ்சம் சரிவு, ஒரு தோள் மங்கல். நெற்றி வந்தது, கண் வந்தது, கடைசியாக அந்தச் சிரிப்பு மெல்ல இறங்கி வந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார் போல இருந்தது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. மகள் வருகிறவரைக்கும் அந்தப் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

ஜெசிந்தா கோட்டையும் கழற்றாமல் வந்தாள். என் படத்தைப் பார்த்து, "வடிவா இருக்கு அக்கா" என்றாள். மற்றதைப் பார்த்தவள் அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். மை படாமல் ஓரத்தில் மட்டும் விரலை வைத்துப் படத்தைக் கிட்ட இழுத்தாள். அவளைத் தேற்ற வேண்டிய நேரத்தில் நான், என்னுடையதில் முகம் இன்னும் தெளிவு என்று சொல்லிப் பார்த்தேன். அவள் என்னைக் கோபமில்லாமல் நிமிர்ந்து பார்த்தாள்: "நீங்கள் 'ஆடாமல் நில்லுங்கோ அங்கிள்' எண்டனீங்கள், அப்பா நிண்டவர். வதனி அக்கா அவரோடை கதைச்சவா, அதுதான் சிரிச்சவர்."

பிரிண்டர் தேடித் திரிகிற என் சக படக்காரரே, எவ்வளவு பெரிய மெஷின் வாங்கினாலும் அது எடுத்த படத்தைத்தான் அடிக்கும், அடுத்தவள் எடுத்ததென்றாலும் ஒரு கோடுகூட விழாமல் அடிக்கும்.