மேயருக்கு எலி வளர்த்தவள்

நெதர்லாந்தின் ஸ்டாட்ஸ்கனால் ஊரில் வாய்க்காலை ஒட்டிய வரிசை வீடுகளில் ஹில்லி போஸ்டமாவின் வீட்டைக் கண்டுபிடிக்க யாரும் எண் பார்ப்பதில்லை. மூக்கு போதும். பின்னால் இருந்த கொட்டகையில் இழுப்பறைகள் மாதிரி அடுக்கிய பிளாஸ்டிக் தொட்டிகள். தொட்டிக்கு ஆண் எலி ஒன்று, பெண் எலி நாலு. மிச்ச வேலையை அவையே பார்த்துக்கொள்ளும்.

பகலில் அவள் முதியோர் இல்லத்துச் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடிப்பாள். புருஷன் ஹார்ம் போய்ச் சேர்ந்துவிட்டான். கல்லறைக்கு அல்ல, எம்மனில் முடிவெட்டும் ஒருத்தியிடம். அதனால் அவனுக்குப் பூ வைக்கும் செலவு மிச்சம் என்பாள்.

சோடா போடும் மெஷினுக்கான சின்ன கேஸ் சிலிண்டரை அந்தத் தெருவிலேயே அதிகமாக வாங்குகிறவள் அவள்தான்.

"ரொம்ப சோடா குடிப்பீங்க போல" என்று கடைக்காரப் பெண் ஒருமுறை கேட்டாள்.

"வீட்ல ஜனம் ஜாஸ்தி" என்றாள் ஹில்லி.

ஒரு சொட்டு சோடா அவள் தொண்டையில் இறங்கியதில்லை. மூடிய பெட்டிக்குள் அந்த கேஸை மெதுவாக விட்டால் எலி தூங்குவது போலச் செத்துப்போகும். அப்படித்தான் சொல்கிறார்கள். எலியைக் கேட்டுச் சொன்னவர் இல்லை.

இத்தனையும் ஒரு பாம்புக்காக. மகன் யெல்மர் பதினைந்து வயதில் மலைப்பாம்புக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து நின்றான். நாளெல்லாம் சுருண்டு கிடந்து, யாராவது கொண்டுவந்து கொடுப்பதை விழுங்கியது என்பதால் அதற்கு மேயர் என்று பெயர் வைத்தான். ஆனால் எலியைக் கொல்ல அவனுக்குக் கை வரவில்லை. அம்மாவுக்கு வந்தது. அம்மாக்களுக்கு எல்லாம் வரும் என்று அந்த வயதில் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

அந்த வயதுப் பிள்ளை அம்மாவிடம் வாய் திறந்து பேசிய ஒரே இடம் அந்தக் கொட்டகை. தொட்டி கழுவும்போது பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் கொட்டுவான். வீட்டுக்குள் வந்தால் மறுபடி ஊமை.

ஒரு வாரம் அவன் பள்ளி முகாமுக்குப் போயிருந்தான். மேயருக்கு ஏற்ற அளவில் எலி இல்லை. ஹில்லி கடையிலிருந்து உறையவைத்த எலி ஒன்றை வாங்கிவந்தாள். மேயர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் அந்த எலியை எடுத்துப்போய், தன் எலிகள் படுத்துப் புழங்கிய அழுக்கு மரத்தூளில் நன்றாகப் புரட்டிக் கொண்டுவந்து வைத்தாள். ஒரே பாய்ச்சல். மேயர் சாப்பாட்டை அறிந்திருந்தது கொட்டகையின் நாற்றத்தால்தான்.

மகன் திரும்பி வந்து, "என்னம்மா தின்னுச்சு?" என்று கேட்டான்.

"நம்ம எலிதான், வேறென்ன" என்றாள்.

கடை எலி போதும் என்று தெரிந்தால் கொட்டகை எதற்கு? கொட்டகை இல்லாவிட்டால் அவன் பேச்சு எதற்கு?

யெல்மர் வளர்ந்து, ஆஸன் நகரத்தில் காதலி ஃபென்னாவோடு குடியேறினான். மேயரும் போனது. ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை எலி வாங்க வருவான். காப்பி, பிஸ்கட் ஒன்று, கொஞ்சம் பேச்சு. அவளுக்கு அது போதுமாக இருந்தது. போதும் என்று பழகியிருந்தாள்.

போன இலையுதிர் காலத்தில் ஃபென்னா கர்ப்பமானாள். கொட்டகை எலி இனி தன் குளிர்பெட்டிக்குள் வரக் கூடாது என்றாள். யெல்மர் போனில் சொன்னான்:

"கடையில வாங்குறது உறை போட்டு, பீட்சா மாதிரி சுத்தமா வருதும்மா. ஆனா மேயர் தொடமாட்டேங்குது. இன்டர்நெட்ல சொன்னதெல்லாம் செஞ்சு பாத்துட்டேன். வசந்தம் வரைக்கும் பாக்குறேன். தின்னலேன்னா ஃபென்னா என்ன சொன்னாலும் உன்கிட்டயே வந்துடுறேன்."

"சரிடா" என்றாள் ஹில்லி. வாயை மூடிக்கொண்டிருந்தால் மகன் வருவான். இவ்வளவு சுலபமான வேலை அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்ததே இல்லை. சனிக்கிழமைகள் யாரும் வராமல் போயின. அவள் எலிகளைப் பெருகவிட்டுக் காத்திருந்தாள்.

பிப்ரவரியில் ஃபென்னாவின் பிறந்தநாள். அந்த ஊர் வழக்கப்படி நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, வந்தவர்கள் எல்லோரும் எல்லோருக்கும் கைகொடுத்து வாழ்த்தி, கேக் ஒரு துண்டோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். எலிகளுக்குத் தீனி வைத்துவிட்டு நேரே பஸ் ஏறிய ஹில்லி கம்பளிச் சட்டையை மாற்ற மறந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த ஃபென்னாவின் அம்மா டினி மெல்ல நகர்ந்தாள்.

"எலிங்க எல்லாம் சௌக்கியமா ஹில்லி?"

"சௌக்கியம் டினி. உங்க வயசுல ஒண்ணு இருக்கு. அது மட்டும்தான் கடிக்குது."

யெல்மர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளை மாடிக்குக் கூட்டிப்போனான்.

மேயர் மெலிந்திருந்தது. முதுகெலும்பு கூரை முகடு மாதிரி துருத்தி, இரண்டு பக்கமும் தோல் மடிந்து தொங்கியது. ஹில்லி கண்ணாடிக்கு அருகில் போனாள். பல வாரங்களாக அசையாத தலை எழுந்தது. நாக்கு வெளியே வந்து, அவளுடைய சட்டைக் கை போன பக்கமெல்லாம் போனது.

"உன்னைத் திங்கப் பாக்குதும்மா" என்றான் யெல்மர். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "இது செத்துப்போயிடும்மா. எனக்குத் தெரியும்."

இன்னும் கொஞ்ச நாள்தான். வசந்தம் வந்துவிடும், அவனும் வந்துவிடுவான். பாம்பு அதுவரை தாங்கலாம், தாங்காமலும் போகலாம். ஹில்லி அந்த முதுகெலும்பை மறுபடி பார்த்தாள். பிறகு சட்டையைக் கழற்றினாள்.

"கடை எலி ஒண்ணு எடுத்து, குளிர் விட வச்சுக் கொண்டா. ஈரம் படக் கூடாது."

அவன் கொண்டுவந்த எலியைச் சட்டைக் கைக்குள் திணித்து, மாவு பிசைவதுபோல உருட்டினாள். மரத்தூளும் முடியும் ஒட்டிக்கொண்டன. இடுக்கியால் நீட்டியதும் மேயர் பாய்ந்து கவ்விச் சுருட்டியது.

யெல்மர் தரையில் உட்கார்ந்துவிட்டான். பாம்பைப் பார்த்தபடியே கேட்டான்.

"இது உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

இப்போதுதான் தோன்றியது என்று சொல்லியிருக்கலாம். பொய் அவளுக்குப் புதிதல்ல. ஆனால் வரவில்லை.

"நீ முகாமுக்குப் போனப்பவே."

அவன் மனசுக்குள் வருஷங்களைக் கூட்டுவது முகத்தில் தெரிந்தது. அவள் காத்திருந்தாள். ஏன் என்று கேட்டால் சொல்லிவிடலாம்.

"அவ்வளவு பெட்ரோலும் வீணாம்மா" என்றான்.

அவ்வளவுதான் கேட்டான். கீழே யாரோ காப்பிக்குக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து, சட்டையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை முடிந்தான். "இதை விட்டுட்டுப் போம்மா. கொஞ்ச நாளைக்கு வேணும்." மேல்கோட்டை உள்சட்டையின் மேலேயே போட்டுக்கொண்டு ஹில்லி பஸ் நிறுத்தத்தில் நின்றாள்.

ஏப்ரலில் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. மேயர் எதையோ விழுங்கிக்கொண்டிருந்தது. கீழே எழுதியிருந்தான்: "இப்ப வாசனை இல்லாமலேயே தின்னுது. சட்டையை ஃபென்னா துவைச்சுட்டா, எப்பவாச்சும் தரேன்."

"நல்லது. நீ எப்படி இருக்க?" என்று தட்டினாள்.

பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

அந்த சனிக்கிழமை அவள் கொட்டகைக்குப் போய், தொட்டிகளிலிருந்த ஆண் எலிகளை வாலடியில் பிடித்து ஒவ்வொன்றாகத் தூக்கி, தனித் தொட்டி ஒன்றில் போட்டாள். இனிக் குட்டிகள் வேண்டியதில்லை. ஒன்று மட்டும் அவள் விரலைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. அவள் கையை உதறவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே தொங்கட்டும் என்று நின்றாள்.