கணினியில் மீதியிருந்த ஒரே இடம்

கலந்தாய்வு நாளில்தானா பௌர்ணமி வந்து தொலைக்க வேண்டும்! கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அப்பாவும் நானும் வெயிலில் கல்லூரிக்கு நடந்தோம். இரண்டு நாளாக எங்களுக்குள் பேச்சு இல்லை.

காரணம் புவியியல். நான் வாங்கிய மதிப்பெண்ணுக்குக் கணினி அறிவியலே கிடைக்கும் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் படிப்பின் பெயரைப் பார்த்துத்தான் சேருவார்கள். உள்ளே என்ன சொல்லித்தருகிறார்கள் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. நான் போனில் இரண்டு பாடத்திட்டங்களையும் இறக்கி, கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். கணினியில் மூன்று வருடமும் புரோகிராம் எழுத வேண்டும். பிளஸ் டூவில் அதை மனப்பாடம் செய்து ஒப்பேற்றியவள் நான். மூன்று வருடம் ஒப்பேற்ற முடியாது. புவியியலில் மழை, மண், வரைபடம், செயற்கைக்கோள் படம். படிக்கப் படிக்க ஆசையாக இருந்தது.

அப்பாவிடம் சொன்னபோது, "மண்ணைப் பத்திப் படிக்கவா காலேஜு? கழனிக்கு வா, சும்மாவே காட்டுறேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. சோறு வேண்டாம் என்று எழுந்து போய்விட்டேன்.

கலந்தாய்வு அறையில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேசையில் இருந்த பேராசிரியை, கணினியில் ஒரே ஒரு இடம்தான் மீதி என்றார். "எது வேணும்மா? சீக்கிரம் சொல்லு, பின்னாடி நிக்கிறாங்க."

அப்பாவை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. "ஜியாகிரபி, மேடம்."

பேராசிரியை பேனாவைக் கீழே வைத்தார். "அப்பா நீங்க என்ன சொல்றீங்க? எழுதிட்டா மாத்த முடியாது."

அப்பா மேசையிலிருந்த என் மதிப்பெண் பட்டியலையே பார்த்தார். கத்தினால்கூடத் தேவலை என்றிருந்தது. வரிசையில் அடுத்து நின்ற பெண்ணின் அம்மா, கைகூப்பாத குறையாக அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ கேக்கறதையே போடுங்க" என்றார் அப்பா கடைசியில்.

கணினி இடம் அந்தப் பெண்ணுக்குப் போனது. அம்மாவும் மகளும் அங்கேயே கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்பா வாசல்வரை அவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தார்.

வெளியே வந்ததும், "நாளைக்கு சரியா வரலன்னா, எங்கப்பன்தான் சேத்துவிட்டான்னு சொல்லக் கூடாது" என்றார்.

"சொல்ல மாட்டேம்பா."

நினைத்ததைச் சாதித்துவிட்டேன், குதித்திருக்க வேண்டும். குதிக்கத் தோன்றவில்லை. அதுவரை சண்டை போட அப்பா இருந்தார். இனி தப்பாகப் போனால் திட்டுவதற்கு என்னைத் தவிர ஆள் கிடையாது.