இரண்டாவது சத்தம்

லண்டன் செவன் கிங்ஸ் பகுதியில் குகநாதனைத் தெரியாத தமிழர் குறைவு. பெட்ரோல் ஷெட்டில் இரவு பகல் பாராமல் நின்று, ஊரிலிருந்து சொந்தக்காரப் பட்டாளம் ஒன்றையே இங்கே இறக்கிவிட்ட மனிதர். எதற்கும் அசையாதவர். நவம்பரில் வெள்ளைக்காரர் வாணம் விடும் நாளில் மட்டும், மாடிப்படிக்குக் கீழேயுள்ள சிற்றறைக்குள், தூசி உறிஞ்சும் ஹூவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார்.

அவரால் கூட்டிவர முடியாமல் போனது ஒருத்தியைத்தான். தங்கை கனகாம்பிகை. சிசிலித் தீவில் கட்டானியா என்ற பழைய நகரத்தில் ஒரு வக்கீல் வீட்டில் சமையலுக்கு நிற்கிறாள். இத்தாலிப் பாஸ்போர்ட்டும் கையில் இருக்கிறது; நினைத்தால் வந்துவிடலாம். நகரத்துக்கு மேலே எட்னா எரிமலை. 2002இல் அது வாய் திறந்ததை டிவியில் பார்த்த அன்றே குகநாதன் பின்னறைக்குப் பெயின்ட் அடித்தார், கட்டில் வாங்கிப் போட்டார். தங்கை 'ஓம், வாறன்' என்பதுதான் பாக்கி.

அந்த வருஷத்து வாண நாள் வந்தது. சிற்றறைக்குள் இருந்தபடியே டெலிபோன் கார்டைச் சுரண்டி அவளை அழைத்தார்.

"வெளிக்கிட்டு வா பிள்ளை. அறை றெடி."

"எப்பிடி வாறது? ஏர்போட் பூட்டிக் கிடக்கு. வானத்திலையிருந்து கறுப்புச் சாம்பல் கொட்டுது. குடை பிடிச்சுக்கொண்டுதான் சந்தைக்குப் போறன்."

"தலைக்கு மேலை நெருப்பு. உனக்குச் சந்தை கேக்குது!"

"அண்ணை, இஞ்ச ஒரு கோட்டை இருக்கு. கடற்கரையிலை கட்டினதாம். ஒருக்கால் மலை உருகி வந்து, கோட்டையைச் சுத்திப்போட்டு, கடலை அங்காலை தள்ளி வைச்சிட்டுது. கோட்டை அப்பிடியே நிக்குது. அந்தக் கறுப்புக் கல்லிலைதான் எங்கடை தெருவும்."

"கதை விடாதை."

"அப்ப கேளுங்கோ."

பால்கனிக் கதவைத் திறந்து போனை வெளியே நீட்டினாள்.

தும்ம்.

"விழுந்து படு! உள்ளுக்கை ஓடு!" அவர் பதறியதில் ஹூவர் சரிந்தது. மனைவி தர்ஷினி ஓடிவந்து கதவைத் திறந்தாள்.

"ஆரை விழுந்து படுக்கச் சொல்லுறியள்? என்னையோ?"

கையைக் காட்டி அவளை அடக்கினார். ஊரில் போருக்குள் பழகிய காது அது. முதல் சத்தம் ஷெல் குண்டு புறப்படுவது. இரண்டாவது அது விழுவது. இடையில் மூச்சு விடுவதில்லை. இப்போதும் விடவில்லை.

இரண்டாவது சத்தம் வரவில்லை.

மறுபடியும் முதல் சத்தம். இன்னும் ஆழத்திலிருந்து, பூமி தன் தொண்டையைத் தானே செருமிக்கொள்வதுபோல. அதற்குப் பின்னாலும் எதுவும் விழவில்லை. அவருடைய கைமயிர் சிலிர்த்து நின்றது. பயத்தினால் அல்ல என்பது அவருக்கே விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

"அண்ணை, இருக்கிறியளோ? இது ஒருத்தரையும் பார்த்து அடிக்கிறேல்லை. நெருப்பு வந்தாலும் மெதுவாத்தான் வரும். சாமானைக் கட்டிக்கொண்டு நடந்தே விலத்தலாம். கதவைச் சாத்தட்டோ, குளிருது?"

"சாத்தாதை. கார்ட் முடியுமட்டும் பிடி."

கார்டில் காசு முடிந்ததும் சிற்றறையிலிருந்து வெளியே வந்தார். தெருவில் வாணங்கள் வெடித்துக்கொண்டிருந்தன.

"என்னவாம்? வாறாவாமோ?" என்றாள் தர்ஷினி.

"இல்லை. ஏர்போட் திறக்கட்டும், நான் போறன்."

"அப்ப கட்டிலையும் கொண்டு போங்கோ."