நர்ஸம்மாவிடம் பாவசங்கீர்த்தனம்

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் துணிகளைத் தைக்க வாங்கி வைத்தேனே தவிர, ஒன்றையும் தைக்கவில்லை. திண்டிவனத்தில் என் தையல் கடையைக் காலையில் திறப்பேன், மிஷின் முன்னால் உட்காருவேன், பெடலில் காலை வைப்பேன். மிதிக்க மாட்டேன். துணி கேட்டு யாராவது படியேறினால் மிஷின்மேல் குனிந்துகொள்வேன். வந்தவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். திட்டும் உறைக்கவில்லை.

செத்துப்போனால் தேவலை என்று தோன்றிக்கொண்டே இருந்தது. வழியும் யோசித்து வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, சர்ச்சில் சாமியாரிடமும். அது சாவான பாவம் என்று சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தவன் நான்.

என் மனைவி ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துப்போய்த் தலையில் எண்ணெய் பூச வைத்தாள். எண்ணெய்ப் பிசுக்குதான் மிச்சம். பிறகு அவளே விசாரித்து, விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். தெருவில், திருவெண்ணெய்நல்லூரில் சொந்தக்காரர் வீட்டுத் துக்கம் என்று சொல்லியிருந்தாள். துக்கம் என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

டாக்டரைப் பார்க்கும் முன் ஒரு நர்ஸம்மா உட்காரவைத்து விசாரித்தார். கேள்வி எனக்கு. பதில் எல்லாம் என் மனைவியுடையது.

“தூக்கம் எப்படி சார்?”

“எங்க தூங்குறாரு? விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே முழிச்சிக்கினு ஃபேனையே பாக்குறாரு. பொரண்டுகூட படுக்கமாட்டாரு.”

“சாப்பாடு?”

“தட்டுல கோலம் போடுறாருங்க. மல்லாட்டைத் தொவையல்னா உசுர உடுவாரு, அதக்கூட தொடறதில்ல.”

நர்ஸம்மா என் நாடியைப் பிடித்தபோதுதான் அவள் சும்மா இருந்தாள். நாடி எவ்வளவு என்று சொல்ல அவளுக்கு வழியில்லை.

“நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்கம்மா. சாரு கொஞ்சம் பேசட்டும்.”

அவள் போனதும் நர்ஸம்மா பச்சைத் துணித் திரையை இழுத்துவிட்டார். நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டுக்கொண்டு என் பக்கம் காதைச் சாய்த்தார். வெளியே ஒரே இரைச்சல், அதனால்தான். சர்ச்சில் திரைக்குப் பின்னால் பாவம் கேட்கும் சாமியாரும் அப்படித்தான் காதைச் சாய்ப்பார்; எனக்கு அது போதுமாக இருந்தது. வாய் தானாகத் திறந்தது.

“கடைசியா பாவசங்கீர்த்தனம் பண்ணி ஒரு வருஷம் ஆவுதுங்க. ஞாயித்துக்கெழம பூசைக்குப் போவல. பொண்டாட்டிகிட்ட எரிஞ்சி உழுந்தேன்...”

இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்த அந்த அம்மாவும் சிரிக்கவில்லை. முடிக்கும்வரை கேட்டார்.

“அதெல்லாம் உங்க சாமியாரு பாத்துக்குவாரு சார். நீங்க எப்படி இருக்கீங்கன்னுதான் எனக்குத் தெரியணும். அழுகை வருதா?”

“ஒண்ணுமே வரலைங்க. மரக்கட்டையாட்டம் கீறேன்.”

“செத்துடலாம்னு தோணுதா?”

பஸ் எப்போது என்று கேட்பதுபோல் கேட்டார். அப்படிக் கேட்டதால்தான் சொல்ல முடிந்தது.

“தோணுதுங்க.”

எப்படி என்று யோசித்திருக்கிறேனா, எப்போதிலிருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொன்னேன். முகம் சுளிக்கவில்லை. பாவத்துக்குப் பரிகாரமாக எத்தனை செபம் சொல்லச் சொல்வார் என்று, பழக்கதோஷத்தில், தலையைக் குனிந்து காத்திருந்தேன்.

“சொன்னது நல்லதாப் போச்சு சார். இன்னிக்கு உங்கள வீட்டுக்கு அனுப்பமாட்டோம். டாக்டர்கிட்ட சொல்லணும். உங்க வீட்டம்மாவுக்கும் சொல்லணும்.”

குனிந்த தலையை நிமிர்த்தினேன். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது வெளியே போகாது. அந்த தைரியத்தில்தான் வாயைத் திறந்திருந்தேன். எத்தனையோ நாளைக்கு அப்புறம் எனக்குக் கோபம் வந்தது.

“அவளுக்கு வேணாங்க. தாங்கமாட்டா.”

“நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

அதற்குள் மனைவி எனக்கும் ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். நர்ஸம்மாவே சொன்னார், அதே குரலில். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தவள் இதற்கும் வைத்திருந்தாள்.

“தெரியுங்க” என்றாள். “அதான் நானும் தூங்கறதில்ல. கண்ண மூடிக்கினு படுத்துக்கெடப்பேன். அவரு எழுந்தா தெரியணும் இல்ல?”

விடியலுக்கு முன் நான் ஃபேனைப் பார்த்துக் கிடந்ததை அவள் எப்படி அவ்வளவு விவரமாகச் சொன்னாள் என்று அப்போதுதான் உறைத்தது. அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. டீயை வாங்கிக் குடித்தேன்.

டாக்டர் பார்த்தார். வார்டில் கட்டில் கொடுத்தார்கள். மனைவி நர்ஸம்மாவைத் தனியாக நிறுத்தி, “இங்க நீங்க பாத்துக்குவீங்களா?” என்று கேட்டாள்.

“ஆள் மாத்தி ஆள் இருப்போம்மா. நீங்க படுங்க.”

கட்டிலுக்குப் பக்கத்தில், பையிலிருந்த பழைய புடவையை விரித்துப் படுத்தாள். பட்டப்பகல், சுற்றிலும் ஆள் நடமாட்டம். தலை தரையில் பட்டதும் குறட்டை விட ஆரம்பித்துவிட்டாள். நான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வேறொரு நர்ஸ் வந்து அவளை எழுப்பக் குனிந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.