புதன்கிழமைத் தண்ணீர்

போன வாரம் வாய்க்கால் சங்கத்திலிருந்து ஃபோன். “தம்பி, அந்த வெப்சைட்ட மூடிருங்க. யாரும் பாக்குறதில்ல.” சரி என்று சொல்லிவிட்டு அதன் பழைய புரோகிராமைத் திறந்தேன். திறந்ததும் யூரியா வாசனை அடித்தது. சிரிக்காதீர்கள், நிஜம்தான்.

உத்தமபாளையத்தில் ஓர் உரக்கடை மாடிதான் என் முதல் ஆபீஸ். பெரிய மென்பொருளெல்லாம் எனக்கு வராது. கையடக்கமான ஒரு வெப் ஃபிரேம்வொர்க்கைப் பிடித்துக்கொண்டேன். எந்த முகவரிக்கு வந்தால் எந்தப் பக்கம் என்று பிரித்துவிடுவது ரூட்டிங். போகிறவரை நடுவில் நிறுத்தி, ‘நீ யார், உனக்கு அனுமதி உண்டா?’ என்று கேட்பது மிடில்வேர். வாய்க்காலும் மடையும் பார்த்து வளர்ந்தவனுக்கு இது புரியாதா என்ன!

எந்தக் கிழமை யார் வயலுக்குத் தண்ணீர் என்ற முறையை ஃபோனில் காட்டவேண்டும், அதுதான் வேலை. முறை இல்லாதவர் கேட்டால் சிவப்பு, முறைக்காரர் கேட்டால் பச்சை. பச்சை வந்தால்தான் மடை திறக்கவேண்டும் என்று மடைக்காரர் மாயாண்டிக்கு உத்தரவு. ஒரு வியாழக்கிழமை தொடங்கினோம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாளே பவுனுத்தாயி அக்கா படியேறி வந்துவிட்டார். தன் புதன்கிழமை முறையைப் பக்கத்து வயல் சவரிமுத்துவுக்குக் கொடுத்துவிட்டு, அவருடைய வெள்ளிக்கிழமையை வாங்கியிருக்கிறார். எங்கள் பக்கம் இதெல்லாம் வாய்ப்பேச்சுதான். அந்த வழக்கத்தை நான் எழுதவே இல்லை! நட்டு எட்டு நாளான வயல் பாளம்பாளமாக வெடித்துக் கிடக்கிறது, ஃபோனில் சிவப்பு.

“ஏலே, சவரிமுத்தண்ணே வாயால குடுத்தாகல்ல? ஒன் மிசினு யாருலே அதத் தடுக்க?”

சங்கத் தலைவர் ஃபோனில் கத்தினார். “சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு. இல்லாட்டி தூக்கிப் போட்ருவோம்.”

முறை உண்டா என்று பார்க்கும் அந்த மிடில்வேரையே எடுத்துவிட்டால் நொடியில் முடிந்திருக்கும். அப்புறம் வலுத்தவன் மடையைத் திறந்துகொள்வான். மாட்டேன் என்று உட்கார்ந்தேன். முறை மாற்றிக்கொள்ளத் தனியாக ஒரு ரூட் எழுதினேன். கொடுப்பவர் தன் ஃபோனில் சம்மதம் சொல்லி, வாங்குபவர் தன் ஃபோனில் ஏற்றுக்கொண்டால் போதும். குமுளியில் மகள் வீட்டிலிருந்த சவரிமுத்து சம்மதம் அமுக்கினார். இங்கே அக்கா அமுக்கினார். சிவப்பு. மறுபடி அமுக்கினார். சிவப்பு. அக்கா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார், அழாமல். அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. மதியச் சோறு போயிற்று. கடைசியில் தெரிந்தது: புது ரூட்டை அந்த மிடில்வேருக்குக் கீழே எழுதியிருக்கிறேன், மடையன்! முறை இல்லாதவர் மாற்றிக்கொள்ளவும் முறை வேண்டும் என்று கேட்டிருக்கிறது. அந்த வரியை மேலே ஏற்றினேன். பச்சை.

“இம்புட்டுத்தானா?” என்று கேட்டுவிட்டு அக்கா வயலுக்கு ஓடினார். வயல் பிழைத்தது. வெப்சைட்டும் தப்பியது.

அப்புறம் ஒவ்வொரு வயலாக பிளாட் ஆனது. சங்கம் சொல்லச்சொல்ல ஒவ்வொரு வயலின் எண்ணையும் நான்தான் அழித்தேன். சர்வரை மூடுமுன் யாராவது வருகிறார்களா என்று பார்த்தேன். ஒரே ஒரு ஃபோன். புதன்கிழமை தவறாமல், அழித்துவிட்ட ஒரு பக்கத்தைத் தேடி வந்துகொண்டிருந்தது. கூப்பிட்டேன்.

“யக்கா, வயலத்தான் வித்துட்டீகளே?”

“வித்தா என்னப்பா? எம் புதன்கெழமத் தண்ணி இப்ப யாருக்குப் போகுதுன்னு தெரிய வேணாமா?”

அந்த மடையை சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டார்கள்.